நோயாளியின் கடிதம் ஓர் அமானிதம்

ஒருவர் தம் பணத்தை நம்மிடம் ஒப்படைத்தால் அதை எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். அவர் கேட்டபோது குறையாமல் திருப்பிக் கொடுக்கிறோம். இதற்கு அமானிதம் என்று பெயர். அதைக் கையாடியவரை ஊரார் எளிதில் மன்னிப்பதில்லை. ஆனால் ஒருவருடைய நோயைப் பற்றிய செய்தி நம் கைக்கு வந்து சேர்ந்தால் அதை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம்? பிறர் பணத்தைத் தொட அஞ்சுகின்றவர்கூட, பிறர் நோயை நாவில் எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் செலவழிக்கத் தயங்குவதில்லை. போன பணத்தை மறுபடியும் ஈட்டலாம். வெளியே போன இரகசியத்தை மறுபடியும் உள்ளே அழைக்க எவராலும் இயலாது. இதனை எண்ணிப் பார்த்தால் இரண்டு அமானிதங்களில் எது பெரிது என்பது விளங்கும்.

இப்பெரும் பொருளில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிக்கு வரும் கடிதம், மருந்துப் பொட்டலம், மின்னஞ்சல், கைப்பேசிச் செய்தி ஆகியவை அவருடைய அந்தரங்கத்தைக் காக்கின்றனவா? காக்க வேண்டிய கடமை ஆஸ்பத்திரியாருக்கு மட்டுந்தானா, நமக்கும் உண்டா? இவைதாம் நம் கேள்விகள்.

கடிதம் நடந்து வரும் வழி

நம் காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிற்றூர். காய்ச்சல் தலைவலிக்கு உள்ளூர்க் கிளினிக் போதும். பெரிய வைத்தியமென்றால் குளுவாங்குக்கும், அதற்கும் மேலென்றால் ஜொகூர் பாருவுக்கும் போகவேண்டும். ஆகவே நம்மவரோடு ஆஸ்பத்திரி பெரும்பாலும் தூரத்திலிருந்தே பேசுகிறது. இன்ன தேதியில் வரவும், பரிசோதனை முடிவு வந்துவிட்டது, மருந்து தீரும் நாள் நெருங்கிவிட்டது என்றெல்லாம் செய்தி வருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகள் தொடர்ந்து உண்ணவேண்டிய மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பிவைக்கும் ஏற்பாடும் உண்டு. வண்டிச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாவதால் இது ஏழைகளுக்கு நல்ல உதவியே.

தோட்டப்புறத்துக்கு அக்காலத்தில் கடிதம் வந்த வழியைப் பெரியவர்கள் அறிவார்கள். முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். கடிதம் ஆபீசுக்கு வரும், கிராணியார் கையில் புரளும், பிறகு பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். எழுத்தறியாதவராயின் அதே கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கிராணியாரிடமோ பள்ளி வாத்தியாரிடமோ போய்ப் படித்துச் சொல்லும்படி கேட்கவேண்டும். இன்று தபால்காரர் வீட்டுக்கு வருகிறார் என்றாலும், உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புகளிலும் அடிக்கடி வீடு மாறுகின்றவர்களிடத்தும் கடை முகவரியைக் கொடுக்கும் வழக்கம் போய்விடவில்லை. கடைக்கு வந்த கடிதம் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் இரண்டு நாள் கிடக்கும். தேநீர் அருந்த வருகின்றவரெல்லாம் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தீய எண்ணமில்லை. இன்னாருக்கு என்ன வந்திருக்கிறது என்று அறியும் ஆவல்தான். அந்த ஆவல் ஒரு குடும்பத்தின் அமைதியைக் கெடுக்கப் போதுமானது.

உறை ஒட்டியிருந்தால் உள்ளிருப்பது தெரியாதே என்று கூறலாம். உறையின் மேற்புறமே பேசிவிடுகிறதே! ஜொகூரில் தம்போய் என்ற ஊர்ப்பெயரைச் சொன்னால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். 1930-களிலிருந்து மனநோய் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதே காரணம். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் சென்னையில் கீழ்ப்பாக்கத்துக்கும் இதே கதி. 1930-ஆம் ஆண்டு தொழுநோயாளருக்கென அமைக்கப்பட்ட சுங்கை பூலோவின் பெயரும் ஒரு தலைமுறைக்காலம் அவ்வாறே அஞ்சப்பட்டது. மனநோயும் தொழுநோயும் மருந்தால் தீருகின்றன அல்லது அடங்குகின்றன என்பதை வைத்தியம் நிலைநாட்டிவிட்டது. ஊர் வாய் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனவே, அனுப்பியவர் பெயரை உறையின் மூலையில் பெரிதாக அச்சிட்டுவிட்டால், உள்ளே ஒரு வரியும் எழுதாமலேயே முழுச் செய்தியையும் ஊருக்கு அறிவித்ததாகிவிடும்.

நடந்த நிகழ்ச்சிகள்

இவை வீண் அச்சங்கள் அல்ல. அமெரிக்காவில் ஏட்னா என்ற பெரிய சுகாதாரக் காப்பீட்டு நிறுவனம் 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சுமார் 12,000 பேருக்குக் கடிதம் அனுப்பிற்று. எச்.ஐ.வி. மருந்தை எவ்வாறு பெறலாம் என்பதே கடிதத்தின் பொருள். முகவரி வெளியே தெரிவதற்காகக் கண்ணாடிக் காகிதச் சன்னல் வைத்த உறை அது. அச்சன்னல் வழியே பெயர், முகவரி மட்டுமன்றி, அவற்றுக்குக் கீழே எச்.ஐ.வி. மருந்தைப் பற்றிய வரியும் வெளியே தெரிந்தது. உறவினரும் அண்டை வீட்டாரும் உறையைக் கண்டே செய்தியை அறிந்துகொண்டார்கள். இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி வேறொன்றுண்டு. மருந்தைத் தபாலில்தான் வாங்கவேண்டுமென்று நிறுவனம் முன்னர் வற்புறுத்தியதால் அந்தரங்கம் கெடுகிறதென்று சிலர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவ்வழக்குகளில் ஏற்பட்ட சமாதானத்தை அறிவிக்கவே இக்கடிதம் அனுப்பப்பட்டது! அந்தரங்கத்தைக் காக்க எழுந்த கடிதமே அதைக் கெடுத்தது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனம் 1 கோடியே 70 இலட்சம் டாலருக்குமேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள இசைந்தது.

லண்டனில் டீன் வீதியிலுள்ள ஒரு கிளினிக் எச்.ஐ.வி. நோயாளர்க்குச் செய்தி மடல் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பிவந்தது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஊழியர் ஒருவர், பெறுவோர் முகவரிகளை மறைத்து வைக்கும் கட்டத்தில் இடுவதற்குப் பதிலாக எல்லாருக்கும் தெரியும் கட்டத்தில் இட்டுவிட்டார். 781 பேர் ஒருவர் முகவரியை ஒருவர் கண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோரின் முழுப் பெயரும் அதில் இருந்தது. தம் அண்டை வீட்டார், தம்முடன் வேலை செய்பவர் ஆகியோர் பெயரை அதில் கண்டவர்களின் நிலையையும், தம் பெயரை யார் யார் கண்டார்களோவென்று துடித்தவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இத்தனைக்கும் அம்மடலைப் பெற்றவர் யாவரும் நோயாளரும் அல்லர். 2016-இல் அதற்கு 180,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில், எச்.ஐ.வி. நோயாளர் 14,200 பேரின் விவரம் களவுபோய் வெளியிடப்பட்டதாக அரசாங்கமே அறிவித்தது. அது வேண்டுமென்றே செய்யப்பட்ட தீங்கு. முன்சொன்ன இரண்டும் அத்தகையவை அல்ல. உறையை மடித்தவருக்கும் மடலை அனுப்பியவருக்கும் எவர்மீதும் பகை இல்லை. அவர்களிடம் கவனக்குறைவு ஒன்றுதான் இருந்தது. பகைவனுக்கு அஞ்சிக் கதவைப் பூட்டுகிறோம். கவனக்குறைவுக்கு அஞ்சி எதைப் பூட்டுகிறோம்?

வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காக்கவேண்டுமென்பது பண்டைக் கிரேக்க வைத்தியர் காலந்தொட்டு வரும் விதி. 1948-இல் உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஜெனீவா உறுதிமொழியிலும் அது இடம்பெற்றது. நோயாளி மாண்ட பின்னரும் அவ்விரகசியத்தைக் காக்கவேண்டுமென்று 1968-இல் சேர்த்துக்கொண்டார்கள். ஆயின், உறுதிமொழி எடுப்பவர் வைத்தியர் ஒருவரே. இன்று இரகசியம் அவர் நெஞ்சில் மட்டும் தங்குவதில்லை. பதிவு எழுதுகின்றவர், கணினியில் ஏற்றுகின்றவர், அச்சிடுகின்றவர், உறையில் இடுகின்றவர், கொண்டுவந்து கொடுக்கின்றவர் என்று பல கைகளைக் கடந்து வருகிறது. அக்கைகள் அனைத்தும் அந்த உறுதிமொழிக்குள் வந்தாலன்றி, வைத்தியர் ஒருவர் வாய்மூடியிருந்து பயனில்லை.

மூன்று மறுப்புகள்

முதலாவது: "குற்றம் செய்யாதவருக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பார்கள். நோய் குற்றமன்று. குற்றமல்லாத ஒன்றை மறைக்கக்கூடாதென்றும் விதியில்லை. உடல் குற்றமுள்ளதென்றா நாம் ஆடை உடுத்துகிறோம்? அன்றியும், இது ஊராரின் நன்மைக்கும் உரியது. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். தமக்கு அந்நோய் இருப்பது வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் நின்றுவிடும், வேலை போய்விடும் என்று அஞ்சுகின்றவர் என்ன செய்வார்? கிளினிக் பக்கமே போகமாட்டார். போனாலும் பொய் முகவரி கொடுப்பார், அல்லது பாதியில் மருந்தை நிறுத்துவார். நோய் அவர் வீட்டில் முற்றி அடுத்த வீட்டிற்கும் பரவும். ஆகவே ஒரு நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர் ஒருவருக்குக் காட்டும் தயவு மட்டுமன்று, ஊரைக் காக்கும் வழியுமாகும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. "மறைப்பதனால் பிறருக்குத் தீங்கு நேருமானால்?" என்பதே அது. இதற்கு 1995-இல் சென்னையில் தொடங்கிய வழக்கு ஒன்றைப் பார்ப்போம். வடகிழக்கு இந்தியாவைச் சேர்ந்த ஒருவர் அங்குள்ள ஆஸ்பத்திரியில் பிறருக்காக இரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதித்ததில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. செய்தி வெளிப்பட்டது. நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது. சொந்த ஊரார் ஒதுக்கியதால் ஊரை விட்டே வெளியேற நேர்ந்ததென்று அவர் முறையிட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. அந்தரங்க உரிமை உண்டு, ஆயினும் அது எல்லையற்றதன்று, மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்க உண்மை வெளிப்பட்டது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். அப்பெண்ணை நினைத்தால் தீர்ப்பை மறுக்க நமக்கு மனம் வரவில்லை. நம் ஜொகூரிலும் மணம்புரியும் முஸ்லிம்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமென்ற ஏற்பாடு 2001-இல் வந்து, 2009-இல் நாடு முழுவதற்கும் பரவியது. மணக்கவிருக்கும் இருவரும் உண்மையறிந்து முடிவு செய்யவேண்டுமென்பதே அதன் கருத்து.

ஆனால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். அந்தப் பெண் அறிவது வேறு, அந்த ஊர் முழுவதும் அறிவது வேறு. அவளுக்கு ஆபத்து இருந்தது, ஊராருக்கு இல்லை. அவள் அறிந்ததனால் ஓர் உயிர் காக்கப்பட்டது. ஊரார் அறிந்ததனால் ஒரு மனிதர் துரத்தப்பட்டார், அவ்வளவே. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி சில நோய்களை வைத்தியர் சுகாதார அதிகாரிக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டும். சுகாதார அதிகாரிக்குத்தான், தெருவுக்கு அன்று. சொல்லவேண்டியவரிடம், சொல்லவேண்டிய அளவு, சொல்லவேண்டிய முறையில் சொல்வதே நியாயம். திறந்த உறையோ இந்த மூன்றையும் அறியாது. வழியில் வருகின்றவர் எல்லாரிடமும் பேசிவிடும். ஆகவே, பிறருக்கு ஆபத்து என்ற வாதம் எவ்வளவு வலுவானதாயினும் கவனமற்ற கடிதத்துக்கு அது துணை நிற்காது. மேலும் அவ்வழக்கின் ஏடுகளில் அம்மனிதரின் பெயர் 'எக்ஸ்' என்றும், ஆஸ்பத்திரியின் பெயர் 'இசட்' என்றுமே குறிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய வழக்கை ஏற்காத நீதிமன்றமே அவர் பெயரை மறைத்துக் காத்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு நம் வீட்டிலிருந்தே வருகிறது. "நம்மவரிடையே நோய் ஒருவருடையதன்று, குடும்பத்தினுடையது. தகப்பனார் கடிதத்தை மகன் பிரிக்காமல் வேறு யார் பிரிப்பது?" என்பது. இதில் உண்மை உண்டு. வண்டியோட்டிக் கொண்டுபோகின்றவரும், பணம் கட்டுகின்றவரும், இரவு விழித்திருக்கின்றவரும் பிள்ளைகளே. மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதத்தைப் படிக்க முதியவர்க்குப் பிறர் துணையும் தேவை. ஆனால், துணைக்கு அழைக்கப்படுவது ஒன்று, அழைக்காமலே பிரித்துவிடுவது வேறொன்று. பலமுறை கருச்சிதைவுற்ற மருமகளுக்கு வரும் கடிதத்தை மாமியார் முதலில் பிரிக்கும் வீட்டில், அக்கடிதம் மறுமணப் பேச்சுக்கு முதல் வரியாகிவிடுகிறது. புற்றுநோய் என்று தகப்பனாருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்த பிள்ளைகள், அவர் மனம் நோகுமென்று எண்ணி அவரிடமே மறைத்துவிடுகிறார்கள். ஊரில் பாதிப்பேர் அறிவார்கள், அறியாதவர் அவர் ஒருவரே. கடனைத் தீர்க்கவும், மரண சாசனம் எழுதவும், பகைத்துப் பிரிந்த தம்பியை ஒருமுறை கண்டு பேசவும் அவருக்கிருந்த நாட்கள் அவரறியாமலே கழிந்துவிடுகின்றன. அன்பின் பெயரால் செய்யப்பட்டதாயினும் இது அமானிதத்தைக் கையாடியதேயாகும்.

பிறர் வீட்டினுள் அனுமதி கேளாமல் நுழையலாகாது என்பது திருக்குர்ஆன் 24-ஆம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். வீட்டுக்குக் கதவிருப்பதுபோல் கடிதத்திற்கு உறை இருக்கிறது. மகனாயினும் கணவராயினும் "பிரிக்கட்டுமா?" என்று கேட்பதில் யாருக்கும் குறைவு வந்துவிடாது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களை நுண்ணிய விவரங்களென்று வகுத்து, பொதுவாக உரியவரின் வெளிப்படையான சம்மதமின்றி அவற்றைக் கையாளக்கூடாதென்று அது கூறுகிறது. 2024-இல் வந்த திருத்தத்தால் தண்டனை கூடியிருக்கிறது. விவரம் கசிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கவேண்டுமென்ற விதியும், பெருந்தீங்கு நேரக்கூடுமாயின் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்கவேண்டுமென்ற விதியும் 2025 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்துள்ளன. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால், இச்சட்டம் வாணிப நடவடிக்கைகளுக்கே உரியது. மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகின்றவர்க்கு இச்சட்டத்தின் துணை உண்டு. நம்மவரில் மிகுதியானோர் நம்பியிருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகின்றவர்க்கு அத்துணை கிட்டாது. அங்குள்ள வைத்தியர்கள் மருத்துவ மன்றத்தின் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களே என்பது உண்மை. இருப்பினும் ஏழைக்கும் செல்வருக்கும் இரகசியம் ஒன்றே. ஏழையின் இரகசியம் வெளிப்பட்டால் வேறு ஊருக்குக் குடிபோகவும் அவரிடம் பொருளிருக்காது. ஆகவே காவல் அங்கேதான் கூடுதலாக வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆஸ்பத்திரியாருக்கு நாம் கூறக்கூடியவை செலவில்லாத எளிய காரியங்கள். உறையின்மேல் நோய்ப் பிரிவின் பெயரை அச்சிடாமல், திருப்பியனுப்பத் தபால் பெட்டி எண்ணை மட்டும் குறிக்கலாம். உறைச் சன்னலில் பெயரும் முகவரியும் தவிர வேறெதுவும் தெரியாதபடி தாளை மடித்து, உறையை ஆட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம். மருந்துப் பொட்டலத்தின் வெளிப்புறத்தில் மருந்தின் பெயரைத் தவிர்க்கலாம். பலருக்கு ஒருசேர மின்னஞ்சல் அனுப்புவதற்குமுன் இரண்டாவது ஊழியர் ஒருவர் பார்வையிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு செய்யும்போதே, "கடிதத்தை எங்கே அனுப்பலாம்? எந்த எண்ணுக்குப் பேசலாம்? வேறொருவர் எடுத்தால் என்ன சொல்லலாம்?" என்று நோயாளியையே கேட்கலாம். கேட்காவிடில் நாமே முன்வந்து சொல்லவேண்டும். கடை முகவரி கொடுக்கின்றவர்கள் வைத்தியக் கடிதங்களுக்காவது நம்பிக்கையான வேறு முகவரி தேடிக்கொள்வது நல்லது. கடைக்காரர்களும் தபாலைக் கல்லாப்பெட்டியின்மேல் பரப்பி வைக்காமல் இழுப்பறைக்குள் வைத்துக் கொடுப்பார்களாயின் அது பெரிய உபகாரம்.

பிறருக்காகக் கடிதம் படித்துச் சொல்கின்ற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை நம்பி ஒரு மூதாட்டி கடிதத்தை நீட்டும்போது, நீங்களும் அந்த வைத்தியரின் உறுதிமொழிக்குள் வந்துவிட்டீர்கள். தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் படித்துச் சொல்லுங்கள். பிறகு மறந்துவிடுங்கள்.

சங்கங்களும் ஜமாஅத்துகளும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நோயுற்ற சகோதரருக்கு உதவி திரட்டும் நல்லெண்ணத்தில் அவருடைய பெயர், படம், அடையாள அட்டை எண், ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகிய அனைத்தையும் கைப்பேசிக் குழுக்களில் பரப்பிவிடுகிறார்கள். காஹாங்கில் புறப்பட்ட அச்சீட்டு மறுநாள் இராமநாதபுரத்தில் உள்ள உறவினர் கைக்கும் போய்விடுகிறது. நோய் தீர்ந்து பணமும் செலவான பின்னர் அந்தப் படம் மட்டும் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. உதவி பெறுவதற்கு ஓர் ஏழை தம் மானத்தை விலையாகக் கொடுக்கவேண்டுமென்றால் அதனை உதவி என்பது எங்ஙனம்? சீட்டைப் பொறுப்பாளர் இருவர் பார்த்து உறுதி செய்தால் போதும். மற்றவர்க்கு "நம் ஊரைச் சேர்ந்த ஒரு சகோதரர்" என்ற சொல்லே போதும். பெயரைச் சொல்வது அவசியமாயின் அவரிடம் கேட்டு, அவர் இசைந்தபின் சொல்வதே முறை. நோயாளிகளை விசாரிக்கச் செல்கின்றவர்களும் "என்ன நோய்?" என்று துருவாமல், "என்ன வேண்டும்?" என்று கேட்பார்களாயின் நோயாளிக்கும் ஆறுதல், வந்தவருக்கும் நன்மை.

இன்று நலமாயிருக்கும் நம் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரத்தான் போகிறது. அன்று அதை எடுத்து வருகின்றவர் எப்படி நடந்துகொள்ளவேண்டுமென்று நாம் விரும்புவோமோ, அப்படியே இன்று பிறர் கடிதத்திடம் நாம் நடந்துகொள்வோமாக. ஆஸ்பத்திரியாரும் அன்பர்களும் இதனைச் சிந்திப்பார்களென்று நம்புகிறோம்.